சாம்பல் நிறக் கம்பளியில் ஒரு மஞ்சள் பொட்டு

ஓய்வு பெற்றவன் என்றால் நரைத்த தலையை எதிர்பார்ப்பீர்கள். எனக்கு வயது முப்பத்தாறு. தலையில் ஒரு நரையும் இல்லை. கைகள் மட்டும்தான் ஓய்வு பெற்றுவிட்டன. பெர்க்ளோ என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் உலர்சலவைத் திரவமும் கறை எடுக்கும் மருந்துகளும் விரல் இடுக்குகளைத் தின்றன. குளிர்காலத்தில் பேனாவைப் பிடித்தாலே இரத்தம் கசியும் நிலை வந்தது. தொழில் மருத்துவர் என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நான் இந்த வேலைக்குத் தகுதியற்றவன் என்று எழுதிக் கொடுத்தார். என் வாழ்க்கையில் தகுதிச் சான்றிதழ்கள் சில வாங்கியிருக்கிறேன். கடைசியாக வாங்கியது அது.

இப்போது அந்தத் திரவமே போய்க்கொண்டிருக்கிறது. மேல்மாடியில் ஆட்கள் குடியிருக்கும் கட்டிடங்களில் அந்த இயந்திரங்களைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். பாரிசின் லா சப்பலிலும் சுற்றுவட்டாரத்திலும் புதிதாய் வேலைக்குச் சேர்ந்த பெடியள், தண்ணீரில் கழுவும் புது இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு என்னிடம் கேட்பார்கள். "அண்ணை, கம்பளியைத் தண்ணியில போட்டா சுருங்காதோ?" என்பது முதல் கேள்வி. அதற்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வேன். "இவ்வளவு தெரிஞ்ச நீங்கள் பரமண்ணையோட ஏன் கதைக்கிறேல்லை?" என்பது இரண்டாவது. அதற்கான பதில் இது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா கல்லுடைத்தவர். அம்மா கைநாட்டு. பாரிசுக்கு வந்து, பிரெஞ்சு படித்து, துணி பராமரிப்புத் தொழிலுக்கான அரசாங்கச் சான்றிதழையும் எடுத்த அன்று அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"பாஸ் பண்ணிட்டன் அம்மா."

"என்ன படிச்சனி?"

"உடுப்புக் கழுவி அயன் பண்ணுறது."

"அதுக்கும் ஒரு படிப்போ?" என்றா. ஊரில் அந்தத் தொழிலைச் செய்பவர்களை என்ன சொல்லி அழைப்பார்கள் என்பதை அவவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. படிப்புக் காலத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

நான் வேலை செய்த பரமண்ணையின் கடை, மெட்ரோ தூண்களில் ஏறி ஓடும் இடத்துக்குப் பக்கத்துத் தெருவில், மூலையில் இருக்கிறது. சேலையும் கழுவுவோம், கோட்டும் கழுவுவோம். பரமண்ணை சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். அப்போது 'தம்பி' என்ற சொல் 'தம்பியர்' ஆகிவிடும். வந்த உடுப்பைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவார். "இவா களைச்சுப்போனா", "இவருக்குக் கக்கத்தில பலமில்லை" என்பார். துணிக்கு அவ்வளவு மரியாதை. ஆட்களுக்கு அது ஒரேயளவாகக் கிடைக்காது. எங்கள் ஆள் ஒருவர் முன்னால் நிற்க, பின்னால் ஒரு பிரெஞ்சுக்காரர் வந்தால், அண்ணையின் கண் எங்கள் ஆளின் தோளுக்கு மேலால் போய்விடும். "பொஞ்சூர் மதாம்!" நான் ஒருநாள் கேட்டேன்.

"எங்கட சனம் நிக்கும் தம்பி. அவையள் நிக்கமாட்டினம்," என்றார். அதில் பிழை இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை.

மலரக்கா பாரிசுக்கு வெளியே, பொண்டி என்ற புறநகரில் இருப்பவர். பணக்காரர் வாழும் மொன்சோ பூங்காப் பக்கம் ஒரு வயதான பிரெஞ்சு அம்மாளைப் பராமரிக்கும் வேலை அவருக்கு. வேலை முடிந்து மெட்ரோவில் லா சப்பலுக்கு வந்து இறங்கி, தமிழ்க் கடைகள் உள்ள ரூ காய் தெருவில் மரக்கறி வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு ரயில் எடுப்பார். ஒரு மாலை, தோளில் நீளமான துணிப்பை ஒன்றைக் குழந்தையைச் சுமப்பதுபோலச் சாய்த்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, இது என்ர இல்லை. மதாமின்ர. கவனம்."

பையைத் திறந்தேன். புறாவின் முதுகு நிறத்தில், ஒரே துணியில் தைத்த கோட்டும் பாவாடையும். பிரெஞ்சில் 'தையர்' என்பார்கள். மதாம் இளம் வயதில், முதல் வேலைக்குப் போனபோது, ஒரு தையற்காரியிடம் அளவு கொடுத்துத் தைப்பித்ததாம். கோட்டின் கழுத்து மடிப்பைத் திருப்பினேன். உள்ளே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கைத்தையல்கள், குதிரைமயிர் கலந்த உள்துணியைக் கம்பளியோடு பிடித்து வைத்திருந்தன. அந்த மடிப்பு அயன்பெட்டியால் வந்ததல்ல. தையலால் வந்தது. அதனால்தான் அது உருண்டு விழுந்தது.

"பேத்திக்குக் கலியாணம். இதைப் போட்டுக்கொண்டுதான் போவன் எண்டு மதாம் ஒரே பிடிவாதம். மகனுக்கு விருப்பமில்லை. பழசாம். வீல்செயாரில இருக்கிறவாக்கு எதுக்கு இந்தச் சோடினை எண்டு கேக்கிறார்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மகன்தான் தம்பி என்ர கொன்றாவில, வேலை ஒப்பந்தத்தில, கையெழுத்து. அடுத்த மாசம் பொபினிக் கந்தோரில விசா புதுப்பிக்கவேணும். அவரின்ர கடுதாசி இல்லாமல் அங்கை போய் நிக்கேலாது. ஒண்டும் பிழையாப் போகக் கூடாது."

பிழை வரவிடவில்லை. பெடியளுக்காக இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். முதலில் பைகள், கை மடிப்புகள், பாவாடை விளிம்பு எல்லாவற்றையும் மென்மையான தூரிகையால் தட்டவேண்டும். பூச்சி தூசியில்தான் முட்டையிடும். பிறகு துணியை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்க்கவேண்டும். ஊசிக்கண் அளவு வெளிச்சம் வந்தால் அது பூச்சி தின்ற இடம். இரண்டு இடம் இருந்தது. பாவாடையின் உள்விளிம்பிலிருந்தே நூல் உருவி அடைத்தேன். பட்டு உள்துணி கக்கத்தில் நைந்திருந்தது. வலைத்துணி வைத்துத் தைத்தேன். பொத்தான்களைக் கழற்றினேன். கழற்ற முடியாவிட்டால் ஈயத்தாள் சுற்றவேண்டும். பிறகு உலர்சலவை இயந்திரத்தில் தனியாக, வலைப்பையில், குறைந்த நேரம்.

அயன் பண்ணும்போதுதான் எங்கள் ஆட்கள் பிழை விடுவார்கள். கம்பளியில் அயன்பெட்டியை இழுக்கக் கூடாது. ஈரத்துணி போட்டு, வைத்து, எடுத்து, வைத்து. தையலுக்குக் கீழே கடதாசிப் பட்டி, இல்லாவிட்டால் அந்தத் தடம் வெளியே தெரியும். கழுத்து மடிப்பின் மேல் அயன்பெட்டியே போகக் கூடாது. நீராவி மட்டும், பிறகு கையால் உருட்டிவிடவேண்டும். ஊரில் மடிப்பு கத்திபோல நின்றால்தான் அயன். இங்கே அந்தக் கத்தி உடுப்பைக் கொன்றுவிடும். கடைசியாக, அகலமான தோள் உள்ள கொழுவியில் மாட்டி ஓர் இரவு ஆறவிடவேண்டும். சூடாக இருக்கும் கம்பளி எந்த வடிவத்துக்கும் இழுபடும்.

மலரக்கா வந்து பார்த்தார். கை துடைத்துவிட்டுத்தான் தொட்டார். "புதுசு தம்பி. கடையில வாங்கின புதுசு!" என்றார். அந்தச் சொல்லை நான் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

புதுசு என்றால் நாங்கள் என்ன செய்வோம்? மூலையில் மஞ்சள் வைப்போம். மலரக்காவும் வைத்தார். மதாம் எத்தனையோ காலத்துக்குப் பிறகு அதைப் போடப்போகிறா, நல்ல காரியத்துக்குப் போகிறா, ஒரு குறையும் வரக்கூடாது என்று, கோட்டின் முன்பக்கக் கீழ் மூலையில், உள்பக்கமாக, நகத்தளவு மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து வைத்தார். அவர் பழகியது பருத்தியும் நைலோனும். கம்பளி மஞ்சளைக் கண்டால் விடாது. குடித்துவிடும். காலையில் பார்த்தபோது பொட்டு வெளிப்பக்கம் வந்திருந்தது.

கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது அவர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அன்று பார்த்து நான் கைக்கு மருந்து எடுக்க ஆஸ்பத்திரியில். கடையில் பரமண்ணையும் இரண்டு பிரெஞ்சு வாடிக்கையாளர்களும். நடந்ததை அண்ணையிடமும் மலரக்காவிடமும் பின்னர் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"என்ன கறை தங்கச்சி?"

"தெரியேல்லை அண்ணை."

வெட்கம். அந்த இரண்டு பிரெஞ்சுக்காரருக்கும் முன்னால் மஞ்சள் வைத்த கதையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதுவும் அண்ணை சிரிப்பார் என்ற பயம். பரமண்ணை பார்த்தார். மஞ்சள் நிறம். ஒரு கிழவியின் கோட். முட்டைக்கரு என்று முடிவெடுத்தார். சேலையாக இருந்திருந்தால் மூக்கை வைத்தே மஞ்சள் என்று சொல்லியிருப்பார். மொன்சோவில் இருந்து வந்த தையரில் மஞ்சள் இருக்கலாம் என்று அவர் மனதுக்கு ஏறவே இல்லை. முட்டைக்கு அமோனியா கலந்த மருந்து போடுவோம். போட்டார்.

மஞ்சளில் சவுக்காரம் பட்டால் சிவக்கும் என்பது எங்கள் வீடுகளில் மஞ்சள் பட்ட சட்டையைக் கழுவிய எல்லோருக்கும் தெரியும். அமோனியாவுக்கும் அதே கதைதான். பொட்டு சிவந்தது. அண்ணை பதறி நீராவித் துப்பாக்கியைப் பிடித்தார். சிவப்பு உள்ளங்கையளவுக்குப் பரவி, ஓரத்தில் கரை கட்டி நின்றது.

நான் வந்தபோது கோட் மேசையில் கிடந்தது. அண்ணை பக்கத்தில் நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இது மஞ்சள்."

"வெள்ளைக்காரியின்ர உடுப்பில மஞ்சளோ? உனக்கென்ன விசரே?"

"முகர்ந்து பாருங்கோ."

முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் கறையைத் தடவினார். பிறகு தாழ்ந்த குரலில், "அவளுக்குப் போன் எடும் தம்பியர்," என்றார்.

மலரக்கா வந்து கோட்டின் மூலையைக் கையில் எடுத்தார். "ஐயோ, நான் நல்லதுக்குத்தானே வைச்சனான்! ஒரு பொட்டுத்தானே தம்பி!"

"சொல்லியிருக்கலாமே தங்கச்சி. ஒரு சொல்லு. வாயில கொழுக்கட்டையே?"

"நீங்கள் தமிழாள்தானே அண்ணை. பாத்தாத் தெரியும் எண்டு நினைச்சன்."

அந்தப் பதிலை அண்ணை மன்னிக்கவே இல்லை என்று இப்போது நினைக்கிறேன்.

என்னால் செய்யக்கூடியதைச் செய்தேன். வினாகிரி கலந்த தண்ணீரை ஒற்ற, சிவப்பு மஞ்சளுக்குத் திரும்பியது. பிறகு சுத்த ஆல்கஹோல், கீழே வெள்ளைத் துணி, மேலே வெள்ளைத் துணி, தேய்க்காமல் அழுத்தி அழுத்தி. துணியில் மஞ்சள் இறங்கிக்கொண்டே வந்தது. இரண்டாம் நாள் மதியம் அது வெண்ணெய் தடவியது போன்ற ஒரு நிழலாக நின்றது. அதற்கு மேல் எந்த மருந்தும் எடுக்காது. வெளிச்சம் மட்டும் எடுக்கும். மஞ்சள் வெயிலுக்குத் தாங்காது. ஆனால் வெளிச்சத்துக்கு வாரக் கணக்கு வேண்டும். அதுவும் பாரிசின் நவம்பர்.

"மடியில ஒரு சால்வை போட்டா ஒருதருக்கும் தெரியாது அக்கா. மதாமிட்டை நீங்களே உண்மையைச் சொல்லுங்கோ," என்றேன்.

"மதாம் ஒண்டும் சொல்லமாட்டா. சிரிப்பா," என்றார் மலரக்கா. அந்த ஒரு நிமிடம் எல்லாம் சரிவரும்போல இருந்தது.

அன்று மாலை மதாமின் மகன் வந்தார். வேலையிலிருந்து போகும் வழியில் தானே எடுத்துக்கொள்ளலாம் என்று வந்தவர். நல்ல உயரம், நல்ல பேச்சு. உள்ளே வரும்போது, "மலர், நீங்களும் இங்கேயா," என்று சிரித்தார். பரமண்ணை மலரக்காவைப் பார்த்துத் தமிழில், "நீ வெளியில நில் தங்கச்சி. நான் கதைக்கிறன்," என்றார். மலரக்கா போய்க் கதவுக்கு வெளியே நின்றார். இயந்திரத்தின் வெக்கைக்காக அந்தக் கதவு எந்தக் காலமும் திறந்தே கிடக்கும்.

மகன் கோட்டைத் தூக்கி விளக்கில் பார்த்தார். "இது என்ன?"

நான் வாயைத் திறக்க முன் அண்ணை தொடங்கிவிட்டார். மிக இனிமையான பிரெஞ்சு.

"என்ன செய்வது ஐயா. இது அவர்களுடைய வழக்கம். ஏதாவது விசேஷம் என்றால் உடுப்பில் மஞ்சள் பூசுவார்கள். சொன்னால் விளங்காது. எங்களால் முடிந்த அளவு காப்பாற்றியிருக்கிறோம்."

அவர்களுடைய! அவர் நின்ற இடத்துக்கு நேர் மேலே பிள்ளையார் படம். காலையில் அவரே வைத்த சந்தனம் அதில் காயாமல் இருந்தது. கடைக்குப் புது வான் வண்டி வாங்கியபோது அதன் நெற்றி நிறைய மஞ்சள் பூசி, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, என்னையும் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தவர் அவர்.

"ஐயா," என்றேன், "அவர் வைத்தது நகத்தளவு. அதைச் சிவப்பாக்கிப் பரப்பியது எங்கள் கடை மருந்து. பிழை கடையினுடையது."

மகன் அண்ணையைப் பார்த்தார். அண்ணை சிரித்தார். "இளம் ஆள். தன் ஊர்ப் பெண் என்றதும் பரிந்து பேசுகிறான்."

"பரிவில்லை. உடுப்பு வந்தபோது—"

"கறை யாருடையது என்பதல்ல என் கேள்வி," என்று மகன் என்னை நிறுத்தினார். குரலில் கோபமே இல்லை. "என் அம்மா தனியாக இருக்கும் வீட்டில், இந்தப் பெண் இன்னும் என்னென்ன செய்கிறார் என்பதுதான் என் கேள்வி."

நான் விளக்கப் பார்த்தேன். அது வாழ்த்து, நல்ல எண்ணம், புது உடுப்புக்கு எல்லோரும் செய்வது என்றேன். என்னிடம் அதற்கு வேண்டிய பிரெஞ்சு இருந்தது. அவரிடம் கேட்க நேரம் இருக்கவில்லை. கோட்டை மேசையில் வைத்து, "இது எங்களுக்குத் தேவையில்லை," என்று சொல்லிவிட்டுப் போனார். வாசலில் மலரக்காவைத் தாண்டும்போது, "நல்ல மாலையாகட்டும் மதாம்," என்றார். உள்ளே வரும்போது பெயர் சொல்லி அழைத்தவர்.

கலியாணத்துக்கு மதாம் வேறு உடுப்பில் போனா. அடுத்த வாரம் மலரக்காவின் வேலை முடிந்தது. சண்டை இல்லை, சத்தம் இல்லை. அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கப்போகிறோம், இனித் தேவைப்படாது என்று மட்டும் சொன்னார்களாம். பிறகு ஒருநாள் மதாமே போன் எடுத்தாவாம். "என்ர உடுப்பு எங்கை மலர் எண்டு கேட்டவா தம்பி. என்னத்தைச் சொல்ல? கழுவக் குடுத்திருக்கு எண்டு சொன்னன்."

பொபினித் தேதி வந்துகொண்டிருந்தது. கையில் கடுதாசி இல்லை. அப்போதுதான் பரமண்ணை மலரக்காவுக்கு வேலை கொடுத்தார். அயன் மேசையில், முழு நாள், முறையான கொன்றாவோடு. முன்பு அந்த இடத்தில் நின்றவன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சம்பளம் கூட்டக் கேட்பான். மலரக்கா கேட்கமாட்டார். சனிக்கிழமை மேலதிகமாக நில் என்றால் நிற்பார். சுகமில்லை என்று ஒருநாளும் போன் வராது. ரூ காயில் மளிகைக்கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பரமர் இல்லாட்டி அந்தப் பெண் நடுத்தெருவிலயடா. மனிசனெண்டா அவர்," என்றார். கோயிலிலும் அதே பேச்சு. "அண்ணை எனக்குக் கடவுள்," என்று மலரக்காவே எல்லோரிடமும் சொன்னார். அண்ணை தலையைக் குனிந்துகொண்டு, "எங்கட சனத்துக்கு நாங்கள்தானே," என்பாராம்.

நான் ஒருவரிடமும் மறுத்துச் சொல்லவில்லை என்று நினைக்காதீர்கள். சொன்னேன். "அதுக்கென்ன, வேலை குடுத்திட்டார்தானே," என்றார்கள்.

அந்தத் தையரை அண்ணை கண்ணாடி அலமாரியில், தெருவைப் பார்த்து, ஒரு தலையில்லாத பொம்மைக்குப் போட்டு வைத்தார். பக்கத்தில், பழைய கம்பளி உடைகளுக்குத் தனிக் கவனிப்பு என்று பிரெஞ்சில் ஓர் அட்டை. குளிர் போய், வசந்தம் வந்து, வெயில் நேராக விழத் தொடங்கியது. ஒருநாள் தூசி தட்டப் போனபோது குனிந்து பார்த்தேன். மூலையில் ஒன்றுமே இல்லை. நிழல்கூட இல்லை. மஞ்சள் முழுக்கப் போய்விட்டது. ஆனால் தோள் இரண்டும் வெளிறி, புறா நிறம் பழுப்பாகி, பட்டு உள்துணி கையில் உதிர்ந்தது. வெளிச்சம் கறையை மட்டும் தெரிந்து எடுப்பதில்லை. பெடியளே, கம்பளியை ஒருபோதும் வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் வைக்காதீர்கள். இதை அண்ணைக்கும் சொன்னேன். "பாக்கிற சனத்துக்கு உது விளங்குமே?" என்றார்.

மருத்துவர் கடிதம் தந்த வாரம் கடையில் என் கடைசி நாள். அண்ணை வங்கிக்குப் போக எழும்பிக்கொண்டிருந்தார். மலரக்கா நீராவி மேசையில் யாரோ ஒருவரின் காற்சட்டையை விரித்துக்கொண்டிருந்தார். இனிச் சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று பக்கத்தில் போனேன்.

"அக்கா, உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு மதாமின்ர மகனிட்டை அண்ணை என்ன சொன்னவர் எண்டு—"

"தெரியும் தம்பி. கதவு திறந்துதானே கிடந்தது."

காற்சட்டையின் தையலைத் தையலோடு பொருத்தினார். ஈரத்துணியைப் போட்டார். நான் பழக்கியபடியே வைத்து, எடுத்து, வைத்தார்.

"பிறகேன் அவரைக் கடவுள் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறியள்?"

மலரக்கா என்னைப் பார்த்தார். படித்தவனைப் பார்க்கும் பார்வைதான். கொஞ்சம் இரக்கத்தோடு.

"வாற வருசமும் பொபினிக்குக் கடுதாசி குடுக்கவேணுமே தம்பி. கடவுள் எண்டு நாலு பேர் சொன்னாத்தான் அவர் குடுப்பார்."

வாசலில் நின்று பரமண்ணை, "தங்கச்சி, கடையைப் பார்," என்றார், மிகத் தாழ்ந்த குரலில்.

"ஓம் அண்ணை," என்றார் மலரக்கா. கையைத் துடைத்துக்கொண்டு முன்மேசைக்குப் போனார். அங்கே எங்கள் ஆள் ஒருவர் சேலைப் பையோடு காத்து நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு பிரெஞ்சுக்காரி உள்ளே வந்தா.

"பொஞ்சூர் மதாம்," என்றார் மலரக்கா, எங்கள் ஆளின் தோளுக்கு மேலால்.